ஏழு ஃபில்டர் பெட்டி வாங்கலாமா?

18 நவம்பர் 2023, கேள்வி

மொரீஷியஸ் வந்து மூன்று மாதம். எபெனில் வேலை. கையில் ஒரு டி.எஸ்.எல்.ஆர்., 18-55 லென்ஸ். கடலை எடுத்தால் நேரில் பார்த்த நீலப்பச்சை வருவதே இல்லை, வெளிறிப் போகிறது. லென்ஸ் முன்னால் மாட்டும் ஏழு ஃபில்டர், பை, துடைக்கிற துணி எல்லாம் ஒரே பெட்டியில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கினால் சரியாகுமா? யு.வி. ஃபில்டர் இல்லாமல் லென்ஸை வெளியே எடுக்கவே கூடாது என்கிறார்கள். உண்மைதானே?

18 நவம்பர், இரவு

வாங்க வேண்டாம்.

அந்தப் பெட்டியில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்கிறேன்: யு.வி. ஒன்று, வளையத்தைத் திருப்பிப் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஒன்று, ஊதா நிறத்தில் எஃப்.எல்.டி. ஒன்று, கிட்டே இருப்பதை எடுக்க உதவும் குளோசப் நான்கு. இலையில் ஏழு கறி வைத்தால் ஏழையும் வழித்துச் சாப்பிடலாம். இங்கே இரண்டைத் தொட்டுவிட்டு ஐந்தை அலமாரியில் வைப்பீர்கள். எஃப்.எல்.டி. என்பது பிலிம் காலத்து டியூப்லைட் பச்சையை அடிக்க வந்தது. இப்போது அந்த வேலையைக் கேமராவில் நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸ் செய்துவிடும்.

உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு நல்ல போலரைசர். கடலின் நீலத்தை மறைப்பது தண்ணீர் மேல் படுகிற வானத்தின் பளபளப்பு. போலரைசர் அதை உரித்துவிடும், அடியில் இருக்கும் மணலும் பவளமும் தெரியும். காலையிலும் மாலையிலும் பயன்படுத்துங்கள். உச்சி வெயிலில் பலன் இல்லை.

யு.வி.? அது வெறும் கண்ணாடி. புற ஊதாக் கதிர் உறுத்தியது பிலிமுக்கு. டிஜிட்டல் சென்சாரின் முன்னாலேயே அதை வடிகட்ட ஏற்பாடு உண்டு. ஐந்து வருஷமாக நான் போடவில்லை. காசு மிச்சம்.

19 நவம்பர்

அளவு சொல்ல விட்டுவிட்டேன். 18-55 என்பது ஃபில்டர் அளவு இல்லை. மூடியின் உள்பக்கத்திலோ லென்ஸ் வாயிலோ வட்டத்தில் கோடு போட்ட ஒரு குறியும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும், அதுதான். உங்களுடையது 58 என்கிறீர்கள். அடுத்து அகலமான லென்ஸ் ஒன்றின் மேல் கண் இருப்பதாகவும் அதற்கு 67 என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 58-இல் ஒரு காசும் போடாதீர்கள். 67-இலோ 77-இலோ ஒன்று வாங்கி, இடையில் ஸ்டெப்-அப் வளையம், அதாவது பெரிய ஃபில்டரைச் சின்ன லென்ஸில் மாட்டும் வளையம், போட்டுக்கொள்ளுங்கள். வளையம் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைதான். சின்ன ஃபில்டரைப் பெரிய லென்ஸில் மாட்டும் வளையமும் விற்கிறார்கள், அதில் நான்கு மூலையும் இருட்டாகும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் 15 சதவீத வாட் வரியையும் கணக்கில் வையுங்கள். எனக்கு முதல் தடவை அது தபால்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

26 நவம்பர்

18-ஆம் தேதி "உச்சி வெயிலில் பலன் இல்லை" என்று எழுதியிருந்தேன். அதை எடுத்துவிடுங்கள்.

இன்று ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரையில் குழந்தைகளைக் குளிக்க விட்டுவிட்டு, மணி பன்னிரண்டு, வேறு வேலை இல்லாமல் கேமராவைத் தூக்கினேன். என் நிழல் செருப்புக்குள்ளேயே கிடந்தது. இந்தத் தீவு தெற்கே சுமார் 20 டிகிரியில் இருக்கிறது. நவம்பர் கடைசியிலும் பிறகு ஜனவரியிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். போலரைசரைத் திருப்பினேன். வானமும் தண்ணீரும் ஒரே திருப்பில் ஒன்றாக ஆழ்ந்தன. இத்தனை வருஷம் இங்கே இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து காகிதத்தில் படம் போட்டுப் பார்த்ததில் புரிந்தது. போலரைசர் வானத்தில் அதிகம் கறுப்பது சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளி. சுட்டுவிரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக விரித்து, மணிக்கட்டைச் சுழற்றினால் கட்டைவிரல் போகிற பாதைதான் அந்தப் பட்டை. சூரியன் தலைக்கு மேல் நின்றால் அந்தப் பட்டை அடிவானத்தைச் சுற்றிலும் படுத்துவிடுகிறது. எந்தத் திசையில் திரும்பினாலும் ஒன்றுதான். அங்கே ஒளி கிடைமட்டமாக அதிர்கிறது. தண்ணீரின் பளபளப்பும் கிடைமட்டம்தான். இரண்டும் ஒரே பூட்டு, ஒரே சாவி.

அடிவானத்தில் மூட்டம் இருப்பதால் மாலையில் கிடைக்கும் அளவுக்கு வானம் கறுக்காது. ஆனால் அகலமான லென்ஸில் மாலையில் வரும் அந்த அசிங்கம், வானத்தின் நடுவில் ஒரு கருநீலத் திட்டும் இரு பக்கமும் வெளிறலும், அது வராது. "உச்சியில் வேண்டாம்" என்பது வடக்கே குளிர் நாட்டில் எழுதிய புத்தகத்தைப் பார்த்து நான் கிளிப்பிள்ளையாகச் சொன்னது என்றுதான் எனக்கே தோன்றுகிறது.

தண்ணீரை நேர் செங்குத்தாகக் குனிந்து பார்த்தால் பலன் இல்லை. நீர்ப்பரப்பிலிருந்து 37 டிகிரி போலச் சாய்ந்து பார்க்கும்போதுதான் முழுப் பலன். அதாவது காலடியை விட்டுவிட்டு ஆறேழு அடி தள்ளிப் பாருங்கள்.

27 நவம்பர்

போலரைசர் மாட்டினால் வெளிச்சம் குறையுமா என்று கேட்டீர்கள். ஆமாம், குறையும். ஒன்றரை ஸ்டாப் போல. ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும். அதனால்தான் நாள் முழுக்க மாட்டியே வைக்க வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்று, வானவில். போன வருஷம் குரேபிப்பில் எரிமலை வாய் மேட்டில் நின்றபோது, மழை விட்டதும் முழு வளைவு ஒன்று விழுந்தது. நான் வளையத்தைத் திருப்பித் திருப்பி எடுத்துத் தள்ளினேன். வீட்டில் பார்த்தால் பாதிப் படத்தில் வானவில்லே இல்லை. போலரைசர் ஒரு திருப்பில் அதைத் தூக்கிக் காட்டும், இன்னொரு திருப்பில் துடைத்துவிடும். "மழை மேகம் எடுக்கவா அவ்வளவு தூரம் போனீங்க?" என்று வீட்டில் கேட்டார்கள்.

3 டிசம்பர்

என்.டி. ஃபில்டர் பற்றிக் கேட்டீர்கள். அது கறுப்புக் கண்ணாடி, வெளிச்சத்தைக் குறைக்கும், வேறொன்றும் செய்யாது. அருவியையும் அலையையும் பால் போல ஆக்க ஷட்டரை நீளத் திறந்து வைக்க வேண்டும், அதற்குத்தான். 10 ஸ்டாப் வாங்கிவிடுங்கள். சாதாரணமாக முப்பதில் ஒரு பங்கு விநாடி வருகிற இடத்தில் பத்து விநாடி கிடைக்கும்.

4 டிசம்பர்

மேலே போட்ட கணக்கு தப்பு. ஒரு ஸ்டாப் என்றால் இரட்டிப்பு. பத்து முறை இரட்டித்தால் 1024. முப்பதால் வகுத்தால் 34 விநாடி. இதைக் காலை பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்கும்போது காது சூடாகிவிட்டது.

34 விநாடி என்றால் இன்னொரு தொல்லை. பெரும்பாலான கேமராவில் 30 விநாடியோடு நின்றுவிடும், அதற்கு மேல் பல்ப் முறைக்கு, அதாவது பட்டனை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் முறைக்கு, போக வேண்டும். அதற்குக் கையில் ஒரு ரிமோட் வேண்டும். டி.எஸ்.எல்.ஆர். என்றால் கண் வைத்துப் பார்க்கும் ஓட்டையையும் மூட வேண்டும், பின்னால் அடிக்கிற வெயில் அதன் வழியாகவும் உள்ளே கசியும். கறுப்பு டேப் போதும்.

10 டிசம்பர்

க்ரி க்ரி போய் வந்தேன். தீவைச் சுற்றிலும் பவளப்பாறை மதில் போல நின்று அலையை உடைக்கிறது, தெற்கே இந்த இடத்தில் அது விட்டுப் போயிருக்கிறது. கடல் நேரே வந்து கரும்பாறையில் மோதும். அங்கே குளிக்கக் கூடாது, விளிம்பில் ட்ரைபாட் வைக்கவும் கூடாது. பத்தடி பின்வாங்கி நின்றேன்.

10 ஸ்டாப்பில் எடுத்த படம் பார்த்தால் கடலே இல்லை, பாறையைச் சுற்றிச் சாம்பிராணிப் புகை. 6 ஸ்டாப்புக்கு மாறி இரண்டு விநாடிக்கு வந்ததும்தான் அலை பின்வாங்கும்போது இழுத்துக்கொண்டு போகிற வெள்ளைக் கோடுகள் கிடைத்தன. அரை விநாடி அதைவிட நன்றாக இருந்தது. ஆகவே 3-ஆம் தேதி சொன்னதையும் மாற்றுங்கள்: முதலில் 6 ஸ்டாப். தமரேன் அருவிகள் மாதிரி மரநிழல் இடத்துக்கு அதுவே அதிகம், அங்கே போலரைசர் தின்னும் வெளிச்சமே பாதி வேலையை முடித்துவிடும். கூடவே நனைந்த இலையின் மினுமினுப்பையும் எடுத்துவிடும்.

திருகத் திருகக் கறுக்கும் வேரியபிள் என்.டி. வசதிதான், வீடியோ எடுப்பவர்களுக்கு. உள்ளே இருப்பது ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு போலரைசர். அகலமான லென்ஸில் கடைசி வரை திருகினால் படத்தின் குறுக்கே ஒரு கறுப்புப் பெருக்கல் குறி விழும்.

சரி, சொல்ல வந்த விஷயம் வேறு. யு.வி. வெறும் கண்ணாடி என்று வீரமாக எழுதினேன் அல்லவா? இன்று மூன்றாவது அலைக்கே லென்ஸ் முகத்தில் உப்புத்தூறல். துடைக்கத் துணி தேடினால் பையில் இல்லை. சட்டை நுனியால் துடைத்தேன். ஈரம் போனது, உப்பு போகவில்லை. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் கோலமாவைத் தேய்த்த தரை மாதிரி, நுண்ணிய வெள்ளைக் கோடுகள் வட்ட வட்டமாக. பாதி கழுவினதும் போனது. மீதி கோட்டிங்கில் விழுந்த கீறல், போகாது. முன்னால் ஒரு வெறும் கண்ணாடி இருந்திருந்தால் அதைக் கழற்றிக் குழாயடியில் கழுவியிருக்கலாம்.

ஆக, கடலுக்குப் போகும்போது போடுங்கள். யு.வி. என்று எழுதியிருக்கிறதா, புரொடெக்டர் என்று எழுதியிருக்கிறதா என்பது முக்கியமில்லை. நல்ல கோட்டிங் முக்கியம். தூசி, தூறல் புகாது என்று விற்கும் சில லென்ஸ்களுக்கே, முன்னால் ஒரு ஃபில்டர் மாட்டினால்தான் அந்தக் காப்பு முழுமையாகும் என்று கையேட்டில் போட்டிருக்கிறார்கள்.

11 டிசம்பர்

கழுவும் முறை கேட்டவருக்கு. ஃபில்டரைக் கழற்றி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நல்ல தண்ணீரில் காட்டுங்கள். உப்பு கரைந்து போகட்டும், விரல் வைக்க வேண்டாம். உதறுங்கள். ரப்பர் பந்து ஊதுகுழலால் ஊதுங்கள். கடைசியில்தான் மைக்ரோஃபைபர் துணி. லென்ஸைக் குழாயில் காட்டிவிடாதீர்கள்.

பழைய வேட்டி நல்ல துணி என்று ஒருவர் சொல்கிறார். நல்லதுதான், கஞ்சி போடாத வேட்டியாக இருந்தால்.

ட்ரைபாட் காலையும் கழுவ வேண்டும். மணலும் உப்பும் பூட்டுக்குள் போய் உட்கார்ந்தால் அடுத்த முறை கால் நீட்டும்போது நறநற என்று பல் கூசும்.

27 டிசம்பர்

சிரிக்கலாம். யு.வி.யின் மேலேயே போலரைசரை மாட்டி இரண்டு வாரம் அப்படியே விட்டேன். உப்புக் காற்று, அலுமினிய வளையம். இரண்டும் ஒட்டிக்கொண்டன. எவ்வளவுக்கு இறுக்கிப் பிடித்தேனோ அவ்வளவுக்கு நகரவில்லை. பிடித்து நசுக்கினால் வட்டம் கோணி இன்னும் கெட்டியாகும், அதுதான் சூட்சுமம். கடைசியில் மனைவி கறிவேப்பிலைக் கட்டிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி வளையத்தைச் சுற்றிப் போட்டு, உள்ளங்கையை மெதுவாக வைத்துத் திருப்பினார். வந்துவிட்டது. இங்கே சந்தையில் கறிவேப்பிலையைக் கரிபுலே என்பார்கள். கரிபுலே வாங்கினால் கேமரா உபகரணம் இலவசம்.

ஒன்றின் மேல் ஒன்று போடாதீர்கள். மூலை இருட்டும், பிரதிபலிப்பும் கூடும். பித்தளை வளையம் கிடைத்தால் விலை கொஞ்சம் கூடினாலும் அதையே வாங்குங்கள், இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்ளாது.

17 ஜனவரி 2024

பெலால் புயல் போய்விட்டது. எங்களுக்கு மின்சாரம் போனதோடு சரி. 15-ஆம் தேதி போர்ட் லூயிஸில் தெருவெல்லாம் வெள்ளம் ஓடி கார்களைப் புரட்டியதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். என் நண்பர் ஒருவருடைய காரும் அதில் நின்றது, கேமராப் பை பின்சீட்டில். ஆள் பத்திரம். பை நனைந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று பட்டனை அழுத்தினார். அதோடு முடிந்தது.

நனைந்தால் பட்டனைத் தொடாதீர்கள். பேட்டரியை உருவுங்கள், கார்டை உருவுங்கள், மூடிகளைத் திறந்து வையுங்கள், பிறகு பழுது பார்ப்பவரிடம் போங்கள். அரிசி டப்பாவில் புதைக்க வேண்டாம். ஈரத்தை அது பெரிதாக இழுக்காது, மாவுத்தூள்தான் உள்ளே போகும்.

இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. நவம்பரிலிருந்து ஃபில்டர் ஃபில்டர் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இந்தத் தீவில் எனக்குத் தெரிந்து லென்ஸ் கெட்டவர்கள் யாருக்கும் ஃபில்டரால் கெடவில்லை, ஈரத்தால் கெட்டது. குரேபிப் சுமார் 550 மீட்டர் உயரத்தில், வருஷத்தில் பாதி நாள் மேகத்துக்குள் இருக்கிற ஊர். அங்கே பீரோவில் தோல் பைக்குள் லென்ஸை வைத்த ஒருவர் எட்டு மாதம் கழித்து எடுத்தார். டார்ச் அடித்துப் பார்த்தோம். கண்ணாடிக்கு உள்ளே, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை கிளை விட்டிருந்தது.

அதனால் தம்பி, 500 ரூபாய் மிச்சம் இருந்தால் முதலில் ரப்பர் விளிம்பு வைத்த சமையலறை டப்பா ஒன்று, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம், சின்ன ஈரப்பத மானி. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும். 60-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஜெல் மணி ஆரஞ்சிலிருந்து பச்சையானால் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம், அவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சு. நான் தட்டில் கொட்டி ஆற வைத்திருந்தேன். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், "பூந்தி பிடிக்க எண்ணெயே வாங்கலையே?" என்றார். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பத்திரம்.

26 ஜனவரி

நேற்று காவடி. கத்ர் போர்னில் கோர் தெ கார்ட் மலைச்சரிவுக் கோயிலுக்குப் போனேன். பால் சொம்பும் அலகுமாக மஞ்சளும் ரோஜா நிறமும் ஏறிக்கொண்டே இருந்தது. முதலில் கேள்வி கேட்ட எபென் தம்பியும் வந்திருந்தார், நேரில் பார்த்தது நேற்றுதான். நாம் நினைத்ததைவிட உயரம்.

மூன்று விஷயம் கற்றேன். பித்தளைச் சொம்பின் கண்கூச்சத்தைப் போலரைசர் குறைக்கவில்லை. தண்ணீர், கண்ணாடி, இலை, பெயின்ட், இவற்றின் பளபளப்பைத்தான் அது எடுக்கும். வெறும் உலோகத்திடம் அதன் பாச்சா பலிக்காது. கழற்றிப் பையில் போட்டேன்.

அடுத்தது, யு.வி. க்ரி க்ரிக்குப் பிறகு பயந்துபோய் மாட்டியது அப்படியே இருந்தது. கற்பூரத் தட்டைக் கிட்டே எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் தட்டில் ஒரு சுடர், அதற்கு நேர் எதிர் மூலையில், ஒரு பாட்டியின் நெற்றியில், தலைகீழாகப் பச்சையாக இன்னொரு சுடர். சென்சாரில் பட்ட வெளிச்சம் திரும்பிப் போய், முன்னால் தட்டையாக நிற்கும் அந்தக் கண்ணாடியில் மோதி மறுபடி வந்து விழுகிற பேய் அது. பத்துப் படம் போயிற்று. ஆக, கடலில் போடு, கற்பூரத்தில் கழற்று. நவம்பரில் நான் சொன்னதும் டிசம்பரில் நான் சொன்னதும் பாதிப் பாதி சரி.

மூன்றாவது, ஃபிளாஷ். பத்து நாள் விரதம் இருந்து அலகு குத்தி நிற்பவர் முகத்தில் மின்னல் அடிப்பது எனக்கு ஒப்பவில்லை. இன்னொன்று, லென்ஸ் வாயைச் சுற்றி நிற்கும் மறைப்பான லென்ஸ் ஹூட் ஒன்று போட்டால் பக்கத்து வெயிலும் படாது, கூட்டத்தில் யாராவது இடித்தாலும் அடி முதலில் அதற்கு. உங்கள் லென்ஸோடு வராவிட்டால் தனியாக வாங்குங்கள். அது ஃபில்டருக்கு முன்னால் வர வேண்டிய செலவு.

ஏழு கறியோடு செத் காரி சாப்பாடு முடிந்து கை கழுவும்போது தம்பி மெதுவாகச் சொன்னார்: பெட்டியை நவம்பரிலேயே வாங்கிவிட்டாராம்.

28 ஜனவரி

சரி, வாங்கியாயிற்று. அந்தப் போலரைசர் எந்த வகை என்று முதலில் பாருங்கள். டி.எஸ்.எல்.ஆரில் ஃபோகஸ் தடுமாறாமல் இருக்க சர்க்குலர் வகைதான் வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று, ஃபில்டரை ஒரு கண்ணுக்கு முன் பிடித்து, கண்ணாடியில் தெரிகிற அதே ஃபில்டரை அதன் வழியாகவே பாருங்கள். திருகுமரை உங்கள் பக்கம் இருக்க வேண்டும். கன்னங்கரேல் என்று தெரிந்தால் சர்க்குலர்.

28 ஜனவரி, பத்து நிமிடம் கழித்து

மாற்றிச் சொல்லிவிட்டேன். குளியலறையில் நின்று பார்த்துவிட்டு வருகிறேன். திருகுமரை கண்ணாடியின் பக்கம், முன்முகம் உங்கள் பக்கம். அப்போதுதான் கறுக்கும். புரட்டினால் தெளியும். இரண்டு பக்கமும் தெளிவாகவே தெரிந்தால் அது லீனியர்.

11 பிப்ரவரி

லீனியராம். மரையும் 58. நான் வாய் திறக்கவில்லை.

ஆனால் பெட்டியில் இருக்கும் +4 குளோசப்பைத் தூக்கிப் போடாதீர்கள். லென்ஸை முடிவிலிக்கு வைத்தால் 25 செ.மீ. தூரத்தில் இருப்பது தெளிவாகும், +10 என்றால் 10 செ.மீ. நீங்கள் அனுப்பிய காவடி மயிலிறகுப் படம் அதில்தான் எடுத்தது என்றால் எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஓரம் கொஞ்சம் கலங்கியிருந்தாலும் என் பத்துப் படத்தைவிட அது நன்றாக இருந்தது.

அந்த ஏழு அறை வைத்த பை தேவைப்படாவிட்டால் சொல்லுங்கள். என் ஸ்டெப்-அப் வளையங்கள் இன்னும் ஊறுகாய்ப் பாட்டிலில்தான் கிடக்கின்றன.